நாலு ஃபேஜ், எட்டு மாசம்: எதை எடுப்பது?

கடையில் நாங்கள் பிரிஞ்சால் என்று கேட்டு வாங்குகிற கத்திரிக்காய்க்கு, தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான டர்பனில் ஒரு தனிப் பெருமை உண்டு. குழம்பால் வந்த பெருமை இல்லை. 2010-இல் இங்கே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக மாணவி ஒருவர், அழுகிப்போன கத்திரிக்காய் ஒன்றின் அடிப்பக்கத்திலிருந்து எடுத்த மாதிரியில் ஒரு வைரஸைக் கண்டெடுத்தார். மனிதரை விட்டுவிட்டு பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ், ஃபேஜ் என்பார்கள். சேறு பிடித்தது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார்கள். தமிழில் எழுதினால் 'மடி' என்று வருகிறது. பாக்டீரியாவைப் பார்த்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

எட்டு வருஷம் கழித்து லண்டனில் 15 வயதுப் பெண் ஒருத்திக்கு நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்று பரவி, எந்த மருந்துக்கும் அடங்காமல் போனது. அவளுடைய ரத்தத்தில் இந்த மடியையும் வேறு இரண்டு ஃபேஜ்களையும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஏற்றினார்கள். புண்கள் ஆறத் தொடங்கின. 2019-இல் அந்தச் செய்தி வெளிவந்த நாளிலிருந்து எங்கள் லேபில் யார் ஃபேஜ் என்று வாயெடுத்தாலும் யாராவது ஒருவர் கத்திரிக்காயைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை.

என் தங்கை மகள் இந்த வருஷம் ஆனர்ஸ். மூன்று வருஷப் பட்டம் முடிந்தபின் இங்கே தனியாக ஒரு வருஷம் படிப்பார்களே, அது. தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு தாளோடு வந்தாள். தாளில் ஆராய்ச்சித் தலைப்புகள் நாலு. விருப்பப்படி ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நாலும் சுற்றி வருவது ஒரே கேள்வியைத்தான்: பாக்டீரியாவுக்குள் பெருகிய ஃபேஜ், அதை எப்படி உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது?

"எனக்கு கத்திரிக்காய்தான் பெரியம்மா. ஆனா நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக மைக்ரோபயாலஜி லேபில் பிளேட் ஊற்றி, மீடியா காய்ச்சி, பிள்ளைகளுக்குக் கல்ச்சர் எடுத்துக் கொடுக்கிறவள். எந்தத் திட்டம் எந்த மாதத்தில் கவிழும் என்பதை ஓரளவு முகம் பார்த்தே சொல்வேன். அன்றைக்கு அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எதை உடைக்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஈ.கோலை பாக்டீரியாவைக் காற்றடைத்த சைக்கிள் சக்கரமாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் டியூப்தான் உள்சவ்வு. அதன்மேல் போட்ட டயர், பெப்டிடோகிளைக்கன் என்ற வலையால் ஆன செல்சுவர். ஈ.கோலைக்கு டயருக்கும் மேலே இன்னொரு தோல் உண்டு, வெளிசவ்வு. உள்ளே எந்நேரமும் அழுத்தம். டயர் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் டியூப் வெடிக்காமல் இருக்கிறது. ஆகவே ஃபேஜுக்குச் சுத்தியல் வேண்டாம். டயரை அறுத்துவிட்டால் மிச்சத்தை அழுத்தமே பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் எப்போது அறுப்பது என்பதில் இருக்கிறது. இதைக் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய கூட்டம் இந்த நட்டால் மண்ணில் செய்த வேலையே அதுதானே. முற்றாமல் வெட்டினால் சாற்றில் சர்க்கரை இருக்காது. முற்றட்டும், இன்னும் முற்றட்டும் என்று விட்டுக்கொண்டே போனால், வெட்டிய கட்டையிலிருந்து தழைக்கும் மறுதாம்பு தள்ளிப்போகும். ஃபேஜுக்கும் இதே கணக்கு. சீக்கிரம் உடைத்தால் உள்ளே குஞ்சுகள் சேர்ந்திருக்காது. தாமதித்தால், வெளியே காத்திருக்கும் அடுத்த பாக்டீரியாக்களைப் பிடிக்கும் வாய்ப்பு போய்விடும். 1917-இல் பெயர் சூட்டிய ஃபெலிக்ஸ் டெரெல், பாக்டீரியா தின்னி என்று பொருள் வரும்படி பாக்டீரியோஃபேஜ் என்றார். தின்பதெல்லாம் கிடையாது. குடியேறி, பிள்ளை பெற்று, குறித்த நேரத்தில் வீட்டை இடித்துவிட்டுப் போகிறது. அந்தக் குறித்த நேரத்தை யார் குறிக்கிறார்கள் என்பதில்தான் தாளில் இருந்த நாலு தலைப்பும் பிரிகின்றன.

முதல் தலைப்பு லாம்டா ஃபேஜ். இதில் நேரம் பார்ப்பது ஹோலின் என்ற சின்னப் புரதம். மொத்தமே 105 அமினோ அமிலம். டயரை அறுக்கும் கத்தி வேறு. அதன் பெயர் எண்டோலைசின். கத்தி உள்சவ்வுக்கு உள்பக்கம் செய்யப்பட்டு அங்கேயே குவிந்து கிடக்கும். சவ்வைத் தாண்டி டயரைத் தொட அதற்கு வழி கிடையாது. இதற்கிடையே ஹோலின் ஒவ்வொன்றாக உள்சவ்வில் போய் உட்கார்ந்துகொண்டே இருக்கும். செல்லுக்கு ஒரு குறையும் தெரியாது. வளரும், மூச்சு விடும், எல்லாம் செய்யும். ஹோலின் கூட்டம் ஓர் அளவைத் தொட்டதும் திடீரென ஓரிடத்தில் திரண்டு ஓட்டை போடும். சின்ன ஓட்டை இல்லை. செல்லின் அகலமே ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். விழும் ஓட்டை சில நூறு நானோமீட்டர். கத்தி வெளியே பாயும், டயர் அறுபடும். அப்புறம் ஸ்பானின் என்ற மூன்றாவது ஆள் உள்சவ்வையும் வெளிசவ்வையும் பிடித்து இழுத்து ஒட்டவைத்து, கடைசித் தோலையும் கிழித்துவிடும்.

ஹோலின் மரபணுவுக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு குறும்பு இருக்கிறது. அதே மரபணுவை மூன்றெழுத்துக் கூட்டு இரண்டு முன்னாலிருந்து படிக்கத் தொடங்கினால் 107 அமினோ அமிலமுள்ள இன்னொரு புரதம் வரும். இந்தப் பெரியது சின்னதன் கையைப் பிடித்துக்கொண்டு, "இரு, இன்னும் நேரமாகவில்லை" என்று தடுக்கும். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே மரபணுவில். செல்லின் சவ்வில் உள்ள மின்னழுத்தம் குலைந்தால் இந்தப் பிரேக் விட்டுப்போய், அதுவும் சேர்ந்து ஓட்டை போடப் போய்விடும். அதனால் உடையும் நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே மின்னழுத்தத்தைக் குலைக்கும் ரசாயனத்தைக் கொஞ்சம் ஊற்றினால், செல் அப்போதே உடைந்துவிடும். கடிகாரத்தின் முள்ளைக் கையால் தள்ளுகிற மாதிரி.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும். லாம்டாவில் சிஐ857 என்று ஒரு வகை உண்டு. 30 டிகிரியில் பாக்டீரியாவின் டிஎன்ஏ-வுக்குள் சொருகிக்கொண்டு தூங்கும். 42 டிகிரிக்குக் கொண்டுபோனால், அதை அடக்கிவைத்திருந்த புரதம் குலைந்துபோய் ஃபேஜ் விழித்துக்கொள்ளும். கால் மணி நேரம் 42-இல் வைத்து, பிறகு 37-க்கு மாற்றிக் குலுக்க வேண்டும். குடுவை அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கலங்கலை அளந்தால் எண் ஏறிக்கொண்டுதான் போகும். அரை மணி ஆனதும், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். சரியாக 50 நிமிஷத்தை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். அடுத்த இரண்டு மூன்று அளவீட்டுக்குள் கலங்கல் இறங்கி, குடுவை இளநீர் மாதிரி தெளிந்துவிடும். மேலே நுரை கட்டும். சாய்த்துப் பார்த்தால் வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் ஒட்டுகிற கொழகொழப்பு மாதிரி இழைகள் தெரியும். செத்துப்போன செல்களின் டிஎன்ஏ அது. எத்தனை தடவை பார்த்திருந்தாலும் அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

இன்னொரு விஷயம் சொன்னபோது அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்க ஜெல் ஓட்டும்போது அளவுகோலாகப் பயன்படுத்த லாம்டா டிஎன்ஏ வாங்குகிறோமே, 48,502 எழுத்து நீளமுள்ளது, அது பெரும்பாலும் சிஐ857-இல் ஹோலின் பழுதான சாம்7 வகையிலிருந்து எடுத்தது. ஹோலின் இல்லாததால் உடையவேண்டிய நேரம் வந்தும் செல் உடையாது. உள்ளே ஃபேஜ் சேர்ந்துகொண்டே இருக்கும். அறுவடை செய்கிறவர் தன் வசதிப்படி எடுத்து, சில சொட்டு குளோரோஃபார்ம் விட்டுத் தானே உடைத்துக்கொள்ளலாம். உடையும் கடிகாரத்தை நிறுத்தியதால் கிடைத்த சரக்கை முதல் வருஷத்திலிருந்து அவளே பிப்பெட்டால் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

லாம்டாவுக்கு எதிராக அவள் சொன்னது, "எல்லாரும் செஞ்சு முடிச்சதாச்சே." உண்மைதான். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரை யங் குழு இதையே பல பத்தாண்டுகளாகத் தோண்டியிருக்கிறது. ஆனால் ஆனர்ஸ் பிள்ளைக்கு அது குறை என்று நான் நினைக்கவில்லை. நீ எடுக்கும் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் எண் இருக்கிறது. ஹோலினில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் சிலது வெகு சீக்கிரம் உடையும், சிலது உடையவே உடையாது. உன் மாற்றத்தில் என்ன வந்தாலும் அது ஒரு முடிவுதான். தோற்றாலும் எழுத ஏதாவது இருக்குமா என்பதுதான் நான் எந்தத் திட்டத்திலும் முதலில் பார்ப்பது. அதோடு, முடிந்துபோன விஷயத்திலும் சந்து இருக்கும். ஸ்பானினையே எடுத்துக்கொள்வோம். அது இல்லாத ஃபேஜும் குலுக்கும் குடுவையில் நன்றாகவே உடைந்ததால், அது பெரிதாகத் தேவைப்படாத ஆள் என்றே வெகுகாலம் விட்டுவைத்திருந்தார்கள். குலுக்கல்தான் கிழிக்கும் வேலையைச் செய்திருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. குலுக்காமல் விட்டால் டயர் போன செல் உருண்டையாகி, வெளித்தோலோடு அப்படியே நிற்கும். மைக்ராஸ்கோப்பில் குண்டுமணி மாதிரி இருக்கும்.

இரண்டாவது தலைப்பு டி4. லாம்டா சொன்ன நேரத்துக்கு உடைக்கிற ஆள் என்றால், டி4 ஊர் நிலவரம் விசாரித்துவிட்டு உடைக்கிற ஆள். சாதாரணமாக 25 நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஏற்கெனவே டி4 குடியிருக்கும் செல்லுக்குள் வெளியிலிருந்து இன்னொரு டி4 நுழையப் பார்த்தால், வெளியே ஃபேஜ் அதிகம், காலி வீடு குறைவு என்று அர்த்தம். உடனே உடைப்பு தள்ளிவைக்கப்படும், மணிக்கணக்கில். ஆர்ஐ என்ற புரதம் ஹோலினைப் பிடித்து நிறுத்திவைக்கிறது. இந்தத் தள்ளிவைப்புக் குணம் கெட்டுப்போன வகைகளை 1946-இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷே பிளேட்டைப் பார்த்தே பிரித்தார். பாக்டீரியா படர்ந்த பிளேட்டில் சாதாரண டி4 கொன்று போடும் தெளிந்த வட்டம் சின்னதாக, ஓரம் மங்கலாக இருக்கும். கெட்ட வகை போடுவது பெரிய வட்டம், ஓரம் கத்தரித்த மாதிரி. கருவி எதுவும் வேண்டாம், கண்ணாடி போட்ட பெரியம்மாவுக்கே தெரியும். 1950-களில் சீமோர் பென்சர் ஒரு மரபணுவின் உள்ளமைப்பை வரைபடம் போட்டதும் இந்தப் பெரிய வட்டக்காரர்களை வைத்துத்தான்.

செலவு குறைவு, அழகு அதிகம். ஆனால் டி4-இன் டிஎன்ஏ சாதாரண டிஎன்ஏ இல்லை; அதன் சைட்டோசின் எழுத்துகளை மாற்றி, மேலே சர்க்கரையும் ஒட்டி வைத்திருக்கிறது. வழக்கமான வெட்டு நொதிகள் பலவும் அதில் பல் வைக்காது. எட்டு மாசத்தில் அதன் மரபணுவைத் திருத்தி விளையாட நினைப்பவர் அழுதுவிடுவார். அப்புறம், டி4 பக்கத்து பெஞ்சுக்காரரின் விரோதி. பல வருஷம் முன்பு, வேறொரு லேபில், டி4 கரைசல் இருந்த குழாயின் மூடியைச் சரியாக இறுக்காமல் நான் சென்ட்ரிஃப்யூஜில் வைத்துவிட்டேன். நனைந்ததைத் துடைத்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை, முதல் வருஷ வகுப்புக்காக வளர்த்த ஈ.கோலை குடுவை பன்னிரண்டில் ஒன்றுகூடக் கலங்கவில்லை. யாரோ விதைக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். நான்தான் என்று சொல்ல எனக்கு மத்தியானம் வரை தைரியம் வரவில்லை. வாரம் முழுக்க ப்ளீச் வாடை.

மூன்றாவது ஃபை-எக்ஸ்174. இதன் மரபணுத் தொகுதி மொத்தம் 5,386 எழுத்து. 1977-இல் ஃபிரெடரிக் சேங்கரின் குழு முழுசாகப் படித்தது. இவ்வளவு சின்ன வீட்டில் ஹோலின், கத்தி, ஸ்பானின் என்று மூன்று ஆளுக்கு இடம் ஏது? ஒரே ஒரு புரதத்தை வைத்துக் காரியத்தை முடிக்கிறது. பெயர் ஈ, 91 அமினோ அமிலம். அதற்கும் தனி இடம் கிடையாது, டி என்ற மரபணுவுக்குள்ளேயே வேறு வரிசையில் படிக்கப்படுகிறது. ஈ டயரை அறுப்பதில்லை. டயர் செய்யும் பட்டறையில் எம்ராஒய் என்ற நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. செல்லோ வளர்வதை நிறுத்தவில்லை. நடுவில் பிரிந்து இரண்டாகப் பார்க்கும்போது புது டயர் இல்லாமல் அந்த இடத்திலேயே பிதுங்கி வெடிக்கும். பென்சிலின் போட்டால் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். கியூபீட்டா என்ற இன்னொரு சின்ன ஃபேஜ் இதே பட்டறையில் முர்-ஏ என்ற நொதியை நிறுத்துகிறது. ஃபாஸ்ஃபோமைசின் மருந்து அடிப்பதும் அதே நொதியைத்தான். புது ஆன்டிபயாட்டிக்குக்கு வழி தேடுகிறவர்கள் இந்தக் குட்டி ஃபேஜ்களைச் சுற்றி வருவது இதனால்தான்.

படிக்க இனிக்கும். செய்ய? வளராத செல்லில் ஈ வேலை செய்யாது. ஆகவே கல்ச்சர் கொஞ்சம் முதிர்ந்துபோனாலும் சோதனை போச்சு. ஈ-யைத் தனியாக பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் ஏற்றினால், துளி கசிந்தாலும் ஏற்றிய செல் செத்துவிடும். குளோன் கிடைத்துவிட்டது என்று குதிப்பார்கள். வரிசையைப் படித்துப் பார்த்தால் மரபணு பழுதான குளோன்தான் உயிரோடு நிற்கும். நான் பார்த்த வரையில் இப்படி ஜூலை வரை போனவர்கள் உண்டு. ஈ, எம்ராஒய், கூடவே செல்லின் ஸ்லைடி புரதம், மூன்றும் சேர்ந்து நிற்கும் உருவத்தை 2023-இல் குளிர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பணமும் கருவியும் உள்ளவர்களின் ஆட்டம். முனைவர் பட்டத்துக்கு வந்தால் யோசிக்கலாம். இப்போது வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிட்டேன்.

நாலாவதுதான் அவள் மனசில் இருந்தது. மைக்கோபாக்டீரியாவை உடைக்கும் ஃபேஜ்கள், மடியின் சொந்தக்காரர்கள். காசநோய்க் கிருமியும் இந்தக் குடும்பம்தான். தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு காசநோயை யாரோ ஒருவருடைய வியாதி என்று நினைக்க முடியாது. எங்கள் தெருவிலேயே மாத்திரைச் சீட்டோடு கிளினிக் வரிசையில் நின்றவர்கள் இருக்கிறார்கள். அவள் ஆசைக்குக் காரணம் பெருமை மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

இங்கே டயர் வேறு மாதிரி. பெப்டிடோகிளைக்கனுக்கு மேலே ஒரு சர்க்கரைப் பின்னல், அதன்மேல் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகுப் பூச்சு. ஆகவே ஃபேஜிடமும் இரண்டு கத்தி. லைஸ்-ஏ வழக்கம்போல் டயரை அறுக்கும். லைஸ்-பி மெழுகைச் சர்க்கரைப் பின்னலோடு பிடித்திருக்கும் கட்டை அவிழ்க்கும். கட்டவிழ்ந்தால் மெழுகுத் தோல் கழன்றுவிடும். லாம்டாவில் ஸ்பானின் செய்வதை இங்கே லைஸ்-பி செய்கிறது என்று சொல்லலாம். லைஸ்-பி-யை நீக்கினால் ஃபேஜ் அழிந்துபோவதில்லை. உடைப்பு தாமதமாகிறது, வட்டம் சின்னதாகிறது, வெளிவரும் குஞ்சுகள் குறைகின்றன. எனக்கு இந்தத் தலைப்பில் பிடித்ததே அதுதான். இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியாக இல்லாமல், எவ்வளவு நேரம் என்ற கேள்வியாக இருக்கிறது.

மடியைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் அதோடு சேர்த்துக் கொடுத்த மற்ற இரண்டு ஃபேஜும் பிறவியில் உடைக்கிற ஜாதி இல்லை. பாக்டீரியாவுக்குள் போய்ப் பேசாமல் தங்கிவிடும் வகை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஹாட்ஃபுல் குழு, தங்கவைக்கும் அடக்கு மரபணுவை அவற்றிலிருந்து வெட்டியெடுத்த பிறகுதான் அவை மருந்துக்கு லாயக்காயின. எங்கள் ஊர் மடி மட்டும் வந்தபடியே உடைத்தது. சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தால் கணக்கு மாறும். காசநோய்க் கிருமியை ஆனர்ஸ் பிள்ளை தொட முடியாது. அதற்கு வேறு பாதுகாப்பு அறை, வேறு அனுமதி. அதன் சாதுவான சொந்தம் ஸ்மெக்மாட்டிஸில்தான் செய்ய வேண்டும். ஈ.கோலை இருபது நிமிஷத்தில் இரட்டிக்கும். ஸ்மெக்மாட்டிஸுக்கு மூன்று மணி நேரம். ஈ.கோலையில் காலையில் போட்ட பிளேட்டைச் சாயங்காலம் எண்ணலாம். இங்கே ஒரு நாள், பல சமயம் இரண்டு நாள். மெழுகுத் தோல் என்பதால் செல்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க ட்வீன் 80 சோப்பு போட்டு வளர்ப்போம். அதே சோப்பு இருந்தால் பல ஃபேஜ்கள் செல்லில் ஒட்டாது! ஆகவே தொற்றவைப்பதற்கு முன் சோப்பில்லாத மீடியாவுக்கு மாற்ற வேண்டும், கால்சியம் சேர்க்க வேண்டும். மாற்றியதும் மறுபடி கட்டி. கட்டியோடு கலங்கலை அளந்தால் எண் துள்ளும். உடைப்பு எப்போது ஆரம்பித்தது என்று வரைபடத்தில் கோடு போட முடியாமல் தவிப்பாள்.

கரண்டையும் மறக்கக்கூடாது. லாம்டா சோதனை இரண்டு மணி நேரத்தில் முடியும். மின்வெட்டு வருவதற்குள் முடித்துவிட்டு டீ குடிக்கலாம். இரண்டு நாள் இன்குபேட்டரில் இருக்கும் பிளேட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த வருஷங்களில் ஸ்மெக்மாட்டிஸ் பிள்ளைகள் ஃபோனில் கரண்ட் அட்டவணையைப் பார்த்துப் பார்த்துத்தான் விதைத்தார்கள்.

ஃபேஜே வேண்டாம், கத்தியை மட்டும் மருந்தாக்கினால் என்ன என்று என் தங்கை கணவர் நடுவில் கேட்டார். தாளில் இல்லாத தலைப்பு. ஆனால் நல்ல கேள்வி. வெளித்தோல் இல்லாத பாக்டீரியாக்களுக்கு எண்டோலைசினை வெளியிலிருந்து போட்டாலே போதும். 2001-இல் வின்சென்ட் ஃபிஷெட்டி குழு 10 நானோகிராம் கத்தியால் ஒரு கோடி ஸ்ட்ரெப்டோகாக்கஸை ஐந்து விநாடியில் கொன்று காட்டியது. லேபில் அப்படி. ஸ்டாஃபிலோகாக்கஸ் ரத்தத் தொற்றுக்கு எக்ஸபகேஸ் என்ற எண்டோலைசின் மூன்றாம் கட்டப் பரிசோதனை வரை போய், பலன் தெரியவில்லை என்று 2022-இல் நிறுத்தப்பட்டது. ஈ.கோலைக்கோ வெளித்தோல் குறுக்கே நிற்கும். எம்13 மாதிரி உடைக்காமலே கசிந்து வெளியேறும் ஃபேஜும் உண்டு, அது இந்தத் தாளுக்குள் வராது.

சரி, வரிசை. நான் சொன்னது: லாம்டா ஒன்று, லைஸ்-பி இரண்டு, டி4 மூன்று, ஃபை-எக்ஸ் நாலு. உடைப்பு என்பதே நேரக் கணக்கு என்றால், அந்த நேரத்தை நிமிஷக்கணக்கில் அளக்கவும், முன்னால் பின்னால் தள்ளவும் முடிகிற இடம் லாம்டாதான். ஒரு நாளில் மூன்று தடவை செய்யலாம். தப்பானால் மறுநாள் மறுபடி. செப்டம்பரில் எழுத உட்காரும்போது கையில் முப்பது வரைபடம் இருக்கும். லைஸ்-பி-யில் நல்லபடி போனால் ஐந்தோ ஆறோ. அந்த ஆறு, லாம்டாவின் முப்பதைவிட முக்கியமானதாக இருக்கலாம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மார்க் போடுகிறவர் கேட்பது, ஒரே சோதனையை எத்தனை தடவை செய்தாய் என்பதை.

அதே சமயம் ஒரு விஷயத்தில் என் வரிசை தலைகீழாகும். லைஸ்-பி நீக்கிய ஃபேஜ் அந்த லேபில் ஏற்கெனவே தயாராக இருந்தால், நாலாவது தலைப்பை முதலில் போடு என்றேன். தயாராக இல்லையென்றால், ஃபேஜ் டிஎன்ஏ-வைத் திருத்தி, செல்லுக்குள் மின்னதிர்ச்சி கொடுத்து ஏற்றி, வரும் வட்டங்களில் எது திருத்தியது, எது பழையது என்று பிசிஆர் போட்டுப் பிரித்து, சுத்தப்படுத்தி எடுப்பதற்கே குளிர்காலம் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்விக்கே போவாள். "அதை மட்டும் நேரா கேட்டுடு. இருக்கான்னு கேக்காத. கடைசியா எப்ப டைட்டர் பாத்தீங்கன்னு கேளு." டைட்டர் என்றால், கரைசலில் வட்டம் போடும் ஃபேஜ் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது.

முகம் வாடித்தான் போனாள். "கத்திரிக்காய் நம்ம ஊருது பெரியம்மா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கத்திரிக்காய் குழம்பு இருந்தது, சாப்பிடச் சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் மெசேஜ் வந்தது. லேப் பட்டியலில் லைஸ்-பி நீக்கிய ஃபேஜ் இருக்கிறது. குளிர்பெட்டியில் இரண்டு குழாய். கடைசியாக டைட்டர் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல். பட்டியலில் இருக்கும் ஃபேஜுக்கும் பிளேட்டில் வட்டம் போடும் ஃபேஜுக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை லாம்டாவை ஒன்று என்றும் லைஸ்-பி-யை இரண்டு என்றும் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கையில் ஜிப்பு வைத்த பிளாஸ்டிக் பை இரண்டு, மார்க்கர் பேனா. நேராகப் பின்கட்டுக்குப் போனாள். குப்பைக்குழி ஓரத்தில், போன மாசம் காற்றில் சாய்ந்த கத்திரிச் செடியின் காய்கள் மூன்று நான்கு கறுத்துப்போய் மண்ணோடு கிடந்தன. ஒன்றைக் குச்சியால் புரட்டி, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் பையில் போட்டு, தேதி எழுதினாள்.

"ப்ராஜெக்ட்டுக்கு இல்ல பெரியம்மா. சும்மா" என்றாள்.